குதிரையின் காலை எப்போது விடுவது

அன்புள்ள பாப்பா,

நாமக்கல்லில் வெயில் எப்படி? இங்கே ஏரிப்பக்கம் பல நாளாக ஒரே மூடுபனி, சவாரிக்கு ஆளில்லை. குட்டியோடு இருக்கப் பொழுது கிடைத்தது.

போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கினோமே, அந்த மட்டக்குதிரைக் குட்டிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. கயிற்றுக்கு நன்றாகப் பழகிவிட்டான். நான் நடந்தால் நடக்கிறான், நின்றால் நிற்கிறான். கால் மட்டும் கொடுக்க மாட்டேன் என்றான். குளம்பு சுத்தம் பண்ணத் தூக்கினால் ஒரு வெட்டு வெட்டி இழுப்பான். திமிர் என்று நினைத்து இரண்டு நாள் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. அவன் இழுத்தபோதெல்லாம் உதை விழுமோ என்று நான் காலை விட்டிருக்கிறேன். இழுத்தால் விடுவார் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான்! எந்த நொடியில் நம் பிடி தளர்கிறதோ, அந்த நொடியில் செய்ததையே குதிரை சரியென்று எடுத்துக்கொள்கிறது. உன் தாத்தா எத்தனையோ தடவை சொன்னார். முப்பது வருஷம் கடிவாளம் பிடித்த கைக்கு இப்போதுதான் ஏறுகிறது.

இப்போது தோளிலிருந்து தடவிக்கொண்டே கையை இறக்கி, காலைத் தூக்கி, இரண்டு எண்ணுவேன். அவன் இழுக்க நினைக்குமுன் நானே கீழே வைத்துவிடுவேன். மறுநாள் நாலு. பத்து நாளில் இருபது எண்ணும்வரை நிற்கிறான். இதெல்லாம் இடது காலுக்கு. வலப்பக்கம் போனால் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கிறான். அங்கே மறுபடி ஒன்றிலிருந்து.

நீ போனில் சொன்ன ஹான்ஸ் குதிரையை நினைத்துக்கொண்டேன். பெர்லினில் கணக்குப் போட்ட குதிரை. குளம்பால் தட்டி விடை சொல்லும். கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் அதற்கும் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை தன்னை அறியாமல் லேசாக நிமிர்வதை அது பார்த்து நிறுத்திக்கொள்ளும் என்று 1907-இல் ஒருவர் கண்டுபிடித்தார் என்றாயே. நம்மவனும் அப்படித்தான். நான் குனியுமுன்பே சில நாள் அவன் கால் விறைத்துவிடுகிறது. அந்த நாட்களில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறேனோ என்று சந்தேகம்.

சீசனுக்குள் சேணம் போடச் சொல்லிப் பக்கத்து லாயத்துக்காரர் நச்சரிக்கிறார். முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயது ஆகும் என்று நீதானே சொன்னாய்? நாலு முடியும்வரை யாரையும் ஏற்றுவதாக இல்லை. கொள்ளுச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாதான் முணுமுணுக்கிறாள்.

லீவுக்கு வந்ததும் பாசத்தில் பின்னாலிருந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளாதே; நேர் பின்னால் நிற்பவர் அவன் கண்ணில் படமாட்டார். தோள்பக்கமாக, பேசிக்கொண்டே வா. நான் கால் தூக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று என்னைக் கவனி. மூச்சைப் பிடிக்கிறேனா இல்லையா என்று சொல்.

அப்பா