செம்பியைச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. புனேயில் மழை அதிகம் என்று செய்தியில் பார்த்தேன், நனையாமல் இரு.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அந்தியூர்த் தேர் வருதில்லப்பா, இந்த ஆடிக்கே செம்பியைக் குடுத்துடுங்க. நீங்களும் எத்தன நாளைக்கு அவளோட மல்லுக்கட்டுவீங்க" என்றாய். நான் அவளோடு மல்லுக்கட்டவில்லை, கண்ணு. இந்த ஆறு மாதமாக என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதைப் போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் சாவகாசமாக எழுத உட்கார்ந்தேன். நம் குதிரை செம்பியை நான் சந்தைக்குக் கொண்டுபோகப் போவதில்லை.

போன ஆடியில் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் அவளை வாங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். நான் சுழி சுத்தம் பார்த்தேன், பல்லைப் பார்த்து ஐந்து வயது என்று கணக்குப் போட்டேன், நாலு காலையும் தூக்கிப் பார்த்தேன். நீ காதை மட்டும்தான் பார்த்தாய். கத்தியவார் குதிரைக்கே உரிய காது, நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தது. "அப்பா, கும்பிடுற மாதிரி இருக்கு" என்றாய். விற்றவர் "கொழந்தகூட ஏறலாங்க" என்று சத்தியம் செய்தார். வாய் ஓரத்தில் இருந்த தழும்பை நாம் இரண்டு பேருமே பார்க்கவில்லை. பல் பார்க்க உதட்டைத் தூக்கிய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எங்கோ யாரோ அவளை முள் கடிவாளம் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். மனிதக் கை முகத்துப் பக்கம் வந்தாலே தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். நாம் அதை ராங்கி என்று நினைத்தோம்.

ஐப்பசி மழையன்று வாய்க்கால் மேட்டில் நீ விழுந்ததை நான் மறக்கவில்லை. அவள் மேல் உட்கார்ந்தபடியே பையிலிருந்து மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து உதறினாய். அவள் பறந்துவிட்டாள், நீ மணிக்கட்டு ஒடிந்து கிடந்தாய். ஆசுபத்திரிக் கட்டிலில் நீ வலிக்காக அழவில்லை. "அவளுக்கு என்னைப் பிடிக்கலப்பா" என்று அழுதாய். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன்.

குதிரைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 350 பாகை பார்த்துவிடும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், அவ்வளவுதான் மறைவு. பிற மிருகங்களுக்கு இரையாகிற ஜாதி அது. முதலில் ஓடும், தள்ளிப்போய் நின்ற பிறகுதான் என்னவென்று திரும்பிப் பார்க்கும். அப்படி ஓடியவைதான் பிழைத்துக் குட்டி போட்டிருக்கின்றன. புலியோ சிறுத்தையோ பாய்வதென்றால் முதுகின் மேல்தான் பாயும். அதே முதுகின் மேல் திடீரென்று மஞ்சளாக ஒன்று படபடவென்று விரிந்தால் அவள் வேறென்ன செய்வாள்? அதில் உன் மேல் வெறுப்பு ஒரு துளிகூட இல்லை.

தை பிறந்ததும் முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். பயந்த குதிரைக்கு எங்காவது வலி இருக்கிறதா என்று பார்க்காமல் பழக்க ஆரம்பிப்பது பாவம். குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். மென்று மென்று மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கத்தி மாதிரி கூராகிவிடும். செம்பிக்கு உள்கன்னம் இரண்டு பக்கமும் புண். அரம் வைத்து ராவிவிட்டுப் போனார். கடிவாளத்தையே எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டேன், இன்றுவரை இறக்கவில்லை. கொள்ளையும் பாதியாகக் குறைத்தேன். வேலை செய்யாத குதிரைக்கு எதற்கு அவ்வளவு கொள்ளு? குதிரையின் இரைப்பை சின்னது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று ஆனது. இப்போது எந்நேரமும் முன்னால் புல்லோ சோளத்தட்டோ கிடக்கும்.

அப்புறம் துணை. நாம் அவளைத் தனியாகக் கட்டிவைத்திருந்தது பெரிய தப்பு. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்க அது படுத்தே ஆக வேண்டும். பக்கத்தில் காவலுக்கு ஓர் உயிராவது இருந்து, ஆபத்தில்லை என்று தோன்றினால்தான் படுக்கும். நம்மிடம் வந்த நாளிலிருந்து அவள் உடம்பில் ஒரு நாள்கூட மண் ஒட்டியதில்லை, யோசித்துப் பார். சுத்தமான குதிரை என்று நாம் பெருமைப்பட்டோம். இரண்டு வெள்ளாடுகளைக் கொண்டுவந்து அவள் கட்டுத்தரையிலேயே விட்டேன். பதினெட்டு நாள் கழித்து ஒரு காலையில் சோளத்தட்டு போடப் போனால் அவளுடைய இடது பக்கம் முழுக்கப் புழுதி, வாலில் வைக்கோல், வயிற்றில் ஓர் ஆட்டுப் புழுக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

பழக்கம் என்று ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அதுவும் முதல் பத்து நாள் நான் ஒன்றுமே செய்யவில்லை. கயிற்றுக் கட்டிலைப் பட்டிக்குள் போட்டு, அவளுக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். அவளைப் பார்க்கமாட்டேன். பதினோராம் நாள் காதோரம் சூடாக மூச்சு பட்டது. பேப்பரை முகர்ந்து பார்த்து, ஓரத்தை நக்கிவிட்டுப் போனாள். நான் கையை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் பத்து நாளும் வீணாகியிருக்கும்.

பிறகு தலைக்கயிறும் பன்னிரண்டு அடிப் பருத்திக் கயிறும். தினமும் கால் மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. வா, நில், இரண்டு அடி பின்னால் போ, பின்கால்களை ஒதுக்கு. இந்த நாலும்தான் பாடம். கயிற்றில் லேசாகப் பாரம் கொடுத்துக் காத்திருப்பேன். அவள் ஒரு குளம்பை எடுத்து வைத்த அதே நொடியில் கயிற்றைத் தொய்யவிட வேண்டும். தொய்வதைப் பார்த்துத்தான் 'நான் செய்தது சரி' என்று அவளுக்குப் புரிகிறது. ஒரு நொடி தாமதித்தால் பாடம் குழம்பிவிடும். நான் இதைப் பழக ஒரு மாதம் ஆயிற்று, அவள் நாலே நாளில் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் பிடரி மயிர் முடிகிற மேட்டில் நகத்தால் சொறிந்துவிடுவேன். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் கோதிக்கொள்வது அந்த இடத்தில்தான். கீழுதடு தொங்கிப்போய், கண் பாதி மூடி, ஒரு பின்கால் நுனியில் நின்று அப்படியே சொக்கிவிடுவாள்.

உன் அப்பாரு, அதாவது தாத்தா, கோபியில் ஜட்கா ஓட்டியபோது குதிரைக்குக் கண்பட்டை கட்டியிருப்பார். பின்னால் சக்கரம் சுற்றுவது தெரியக்கூடாது, பயமுறுத்துகிற எதுவும் கண்ணில் படக்கூடாது என்று. வண்டிக்கு அது சரி. நான் செம்பிக்கு அதற்கு நேர்மாறாகச் செய்கிறேன். எதைக் கண்டு பயப்படுகிறாளோ அதை அவள் வேண்டிய மட்டும் பார்க்கட்டும். நீலத் தார்ப்பாயை முதலில் மடித்துப் பட்டிக்கு வெளியே வேலியோரம் வைத்தேன். எவ்வளவு தூரத்தில் காதை விறைத்து மூச்சை அடக்குகிறாளோ, அதற்கு ஓரடி முன்னாலேயே நிறுத்தி நிற்பேன். தலை இறங்கி, கண்ணிமைத்து, வாயை மென்றால் திரும்பி நடந்துவிடுவோம். மறுநாள் ஓரடி கூட. தார்ப்பாயை விரித்த அன்று என் பேச்சைவிட ஆடு பெரிய உதவி செய்தது. அது பாட்டுக்கு மேலே ஏறி நின்று புழுக்கை போட்டது, செம்பி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு முன்னங்காலை வைத்தாள்.

வெளியே கூட்டிப் போக ஆரம்பித்தது மாசிக் கடைசியில். முதல் நாள் வாசல் படல் வரைக்கும்தான், போய்த் திரும்பி வந்தோம். விடிகாலையில், வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில். பெரியப்பாவின் கிழட்டுக் காங்கேயம் எருது இருக்கிறதல்லவா, அதை ஆள் ஒருவன் முன்னால் ஓட்டிப்போவான், இவள் அதன் பின்னால் நடப்பாள். எருது மிரளாத இடத்தில் இவளும் மிரள மாட்டாள். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு மதகுச் சத்தம் புதிதாக ஒரு பயம். ஏழு நாள் காலையில் அங்கே போய் நின்றோம். ஒன்று கவனித்தேன், போகும்போது வலது கண்ணால் பார்த்துப் பழகிய மதகுக்கு, திரும்பி வரும்போது இடது பக்கம் வந்ததும் புதிதாகப் பயப்படுவாள். அதனால் எதையும் இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். அவள் களைக்கும் முன்பே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்கு எனக்கு அவசரம் வந்துவிட்டது. நன்றாகத்தானே வருகிறாள், தப்பட்டைச் சத்தத்தையும் பழக்கிவிடலாம் என்று கோயில் முக்கு வரை கூட்டிப்போனேன். உடம்பு நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். இன்னும் பத்தடி போகலாம் என்று நினைத்தேன். கயிறு உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. நல்லவேளை, கையில் சுற்றியிருக்கவில்லை. நீயும் ஒருநாளும் கயிற்றைக் கையில் சுற்றாதே. நம் தோட்டத்துக்கே ஓடி வந்து ஆடுகளுக்கு நடுவில் நின்றாள். அதன் பிறகு வாசல் படலைத் தாண்ட மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவளுடைய குற்றம் இல்லை. உன்னிடம் போனில் "கொஞ்சம் மழை, வெளிய போகல" என்று சொன்னேனே, அது இதுதான்.

இப்போது அவள் பயப்படுவதில்லை என்று சொல்ல மாட்டேன். டவுன் பஸ் ஹாரன் அடித்தால் இன்றும் துள்ளுவாள். ஆனால் முன்பெல்லாம் துள்ளினால் அன்று முழுக்க வேர்த்து நிற்பாள், இப்போது நாலடி நகர்ந்து, நின்று, காதை என் பக்கம் திருப்புகிறாள். நான் மூச்சை விட்டால் அவளும் மூக்கை உதறி மூச்சை விடுகிறாள். நேற்று டிவிஎஸ் 50 ஒன்று அகலமான புல்லுக்கட்டோடு உரசுகிற மாதிரி வந்தது. நான்தான் பயந்து ஒதுங்கினேன், அவள் அந்தப் புல்லுக்கட்டிலிருந்து ஒரு வாய் பிடுங்கிக்கொண்டாள்.

நீ தீபாவளிக்கு வர வேண்டாம். வெடிச் சத்தத்துக்கு நடுவில் நீங்கள் இரண்டு பேரும் சந்திக்கக்கூடாது. அன்றைக்கு ராத்திரி நான் கட்டுத்தரையில் படுத்துக்கொள்கிறேன். ஆயுத பூசைக்கு வா, ஒரு வாரம் லீவு போட்டு வா. வந்ததும் அவளிடம் ஓடாதே. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார். அவளாக வந்தால் உள்ளங்கையைக் காட்டு, நெற்றிக்கு நேராகக் கையைக் கொண்டுபோகாமல் தோளைத் தொடு. வெயிலிலிருந்து கொட்டகைக்குள் நுழையும்போது நின்று தயங்குவாள், இழுக்காதே. குதிரைக் கண் இருட்டுக்குப் பழக நம்மைவிட நேரமாகும். ஏறுவதைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம். நீ கயிற்றைப் பிடித்து வாய்க்கால் மேட்டில் நடந்தால் போதும், நான் எருதோடு முன்னால் போகிறேன். நீ விழுந்த புங்க மரத்தைத் தாண்டும்போது உனக்குக் கை நடுங்கினால் அங்கேயே நின்றுவிடு, அவளும் நிற்பாள். திரும்பிவிடலாம், மறுநாள் போகலாம். புனேயில் குதிரைக்காரர்கள் போடுகிற தலைக்கவசம் கிடைக்கும், உன் அளவுக்கு ஒன்று வாங்கி வை. பைக் ஹெல்மெட் சரிப்படாது.

இன்னொன்று. நீ விட்டுப்போன அந்த மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து வைகாசியில் தூரத்து வேலியில் கட்டினேன். வாரத்துக்கு வாரம் கிட்டே கொண்டுவந்தேன். போன வாரம் அதைப் போட்டுக்கொண்டுதான் தட்டு வைத்தேன், பையில் ஒரு துண்டு வெல்லம். ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்து, வெல்லத்தைத் தின்று, கைப்பக்கம் பூராவும் நக்கி எச்சிலாக்கிவிட்டாள். உங்கம்மா துவைத்துப் போடுகிறேன் என்று கேட்டாள். வேண்டாம் என்று கொட்டகை ஆணியிலேயே மாட்டிவைத்திருக்கிறேன். வந்து நீ எடுத்துப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா