நூல்தான் விட்டது

லங்காவி, மலேசியா
ஞாயிறு காலை

மக்கா,

உன் குரல்செய்தி எதற்கும் பதில் போடாதவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. அதற்கு முன் நலவிசாரிப்பை முடித்துவிடுகிறேன்: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன் தங்கச்சி பேத்தியைப் பார்க்கச் சிட்னி போயிருக்கிறாள், அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். தந்தி மாமா இன்னும் அதே கதையைத்தான் சொல்கிறாரா?

போன வாரம் விடிவதற்கு முன் ஒரு சுமத்ரா அடித்தது. மலாக்கா நீரிணையில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும் வருகிற திடீர்க் காற்று அது. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மழையையும் சேர்த்துக்கொண்டு வரும். என் படகில் சுக்கான் பிடிக்கிற இடத்துக்கு மேலே எஃகுக் குழாயில் கட்டியிருக்கிறேனே நிழல்துணி, பிமினி, அதன் நடுத்தையல் ஒரு முழத்துக்குப் பிரிந்துவிட்டது. பக்கத்துப் படகுக்காரர் துக்கம் விசாரிப்பதுபோல வந்து, "வயசாச்சு, புதுசு தைச்சிடுங்க" என்றார்.

கித்தான் துணி தைக்கிற அக்கா வந்தார். துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அப்புறம் மேல்பக்கத் தையலை நகத்தால் ஒரு கீறு கீறினார். நூல் பொடியாக உதிர்ந்தது! அடிப்பக்கத்து நூல் புதிதாகவே இருந்தது, ஏனென்றால் அதில் வெயிலே படவில்லை. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு இதே பேச்சு. படகுத்துறையில் என்னைக் கண்டால் ஆட்கள் விலகிப் போகிறார்கள், அதனால் நீ மாட்டினாய். துணி அக்ரிலிக், செயற்கை இழை. இழையாக இழுப்பதற்கு முன்பே அதன் மூலக் குழம்பில் சாயத்தைக் கலந்துவிடுகிறார்கள். பீட்ரூட்டை எங்கே வெட்டினாலும் சிவப்பாக இருக்கிற மாதிரி, இழையின் உள்ளே வரைக்கும் நிறம். வெயிலில் வெளுக்க ரொம்ப நாள் ஆகும். தைக்கிற நூலோ பெரும்பாலும் பாலியஸ்டர். நம்ம பக்கத்து வெயிலில் சில வருடத்தில் இற்றுவிடும். துணிக்குத் தருகிற உத்தரவாதம் நூலுக்குக் கிடையாது. ஆட்களோ தையல் பிரிந்ததும் நல்ல துணியைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. பிடிஎஃப்ஈ என்று ஒரு நூல் இருக்கிறது, வெயில், உப்பு, குளோரின் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. விலை கேட்டால் நீ மயங்கி விழுவாய். ஊசியில் வழுக்கும், முடிச்சு நிற்காது. அக்கா திட்டிக்கொண்டே அதில்தான் தைத்துக் கொடுத்தார்.

உன் தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை ஓட்டுகிற தலைவராக, இருந்த காலத்தில் பாய் முழுக்கப் பருத்தி. ஈரத்தோடு சுருட்டினால் துணியே மக்கிப்போகும், அதற்காகத்தான் மரப்பட்டைச் சாயமெல்லாம். இந்த அக்ரிலிக் மக்காது. ஆனால் மேலே படிகிற அழுக்கில் பூஞ்சை பிடிக்கும். உப்பு சும்மா இருக்காது, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரை ஊற்றி அலசிவிடுவேன், காய்ந்த பிறகுதான் சுருட்டுவேன். பூஞ்சை பிடித்தால் 4 லிட்டர் தண்ணீரில் ஒரு கப் பிளீச், கால் கப் சோப்பு, 15 நிமிடம் ஊறல், அப்புறம் வாசனை போகிற வரைக்கும் அலசல். பிளீச் தங்கினால் பாலியஸ்டர் நூலுக்கு ஆகாது. பக்கத்துப் படகுக்காரர் இருக்கிறாரே, கார் கழுவுகிற பிரஷர் பம்ப்பை வைத்து அடிக்கிறார். அழுக்கோடு சேர்ந்து, தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசிய பூச்சும் போய்விடுகிறது. பிறகு ஒழுகுகிறது என்று துணிக் கம்பெனியைத் திட்டுகிறார்.

இன்னொன்று, இழுத்துக் கட்டவேண்டும். தொய்ந்தால் மழைத்தண்ணீர் குளமாகத் தேங்கும், காற்றில் படபடத்துக் குழாயில் உரசியே தேயும். உரசுகிற இடத்தில் தோல் ஒட்டு வைத்துத் தைத்துவிட்டோம். உன் மொட்டைமாடி நீலத் தார்ப்பாய் ஏன் வருடா வருடம் கிழிகிறது என்று இப்போதாவது தெரிகிறதா? நான் அன்றைக்குச் சொன்னேன், நீ உன் கல்யாணக் குடையைப் பேச்சில் இழுத்தாய்.

ஒரு நிழல்துணிக்கு இவ்வளவா என்பாய். போன மாதம் தோல் டாக்டர் என் காது மடலில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். நாற்பது வருடம் டெக்கிலும் துறைமுகத்திலும் வாங்கிய வெயில். ஒன்றுமில்லை என்று முடிவு வந்துவிட்டது. வருகிற வரைக்கும் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, உன்னிடம்கூட. பதில் போடாததற்குக் காரணம் அதுதான். உன் தங்கச்சியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ உளறிவிடாதே.

ஜனவரியில் வா. அப்போது இங்கே மழை இருக்காது, கடல் படிந்து கிடக்கும். மக்ரூன் ஒரு கிலோ போதும், போன தடவை மாதிரி மூட்டை கட்டாதே. தாத்தாவின் பாய் தைக்கிற ஊசி பரண்மேல் தகரப்பெட்டியில் இருந்ததே, அதையும் எடுத்து வா, அக்காவிடம் காட்டவேண்டும். கைப்பையில் வைக்காதே, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.

உன்
இஞ்சின் ரூம்