வெள்ளைக் கோடு இருந்தால் மூங்கிலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தோட்டப் பக்கத்தில் ஒரு வாசகி, இலையில் வெள்ளைக் கோடு ஓடும் செடியைப் படமெடுத்து அனுப்பி, "இது என்ன மூங்கில்?" என்று கேட்டிருந்தார். "அலங்கார மூங்கில்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதே செடியோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவள் நான்.

நானும் மூங்கில் என்று நம்பித்தான் ஒரு நர்சரியில் 180 ரூபாய் கொடுத்து வாங்கி, கொல்லையில் கிணற்றடித் தண்ணீர் போகும் இடத்தில் வைத்தேன். இலை சோளத்தோகை மாதிரி, நீளவாக்கில் பால்வெள்ளைக் கோடு. வெயில் ஏறினால் வெள்ளை மங்கிப் பச்சையடிக்கும். சத்துப் போதவில்லையாக்கும் என்று எருவை வேறு கொட்டினேன். அது ஆளுயரம் தாண்டி, வேலிக்கு அந்தப் பக்கமும் குருத்து விட்டது. மூன்றாம் வருடம் ஐப்பசியில் உச்சியில் சாமரம் மாதிரி பூ! பக்கத்து வீட்டுப் பாட்டி பதறிவிட்டார். "மூங்கில் பூத்தா பஞ்சம்டி, வெட்டிப் போடு."

பாட்டி சொன்னதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மிசோரத்தில் 1959 வாக்கில் மூங்கில் பூத்து, விதையைத் தின்று எலி பெருகி, வயலும் போய்ப் பஞ்சமே வந்தது. ஆனால் அந்த மூங்கில் பூப்பது சுமார் 48 வருடத்துக்கு ஒருமுறை. நேற்று வைத்த கன்று எப்படிப் பூக்கும்?

எங்கள் தெரு நாகஸ்வரக்காரர் ஒரு தட்டையை ஒடித்துப் பார்த்தார். "மூங்கில் இல்லம்மா, கொறுக்கை ஜாதி. நாகஸ்வரத்துல வாய் வச்சு ஊதுற சீவாளிக்குத் தட்டை எடுப்போமே, அந்த வகையறா" என்றார். தாவரவியல் நடத்தும் என் தம்பி மகள் பூவைப் பார்த்து உறுதி செய்தாள்: அருண்டோ டோனாக்ஸ், அதில் கோடு போட்ட ரகம். கிளாரினெட்டுக்கு ரீடு செய்வதும் இந்த அருண்டோ தட்டையில்தானாம்.

அவள் காட்டிய அடையாளம் சுலபம். மூங்கில் இலையின் அடி குறுகி, சின்னக் காம்பு போலாகித்தான் தண்டைச் சுற்றிய உறையோடு சேரும். இதற்குக் காம்பே இல்லை. அகன்ற அடி அப்படியே தண்டைக் கட்டிக்கொள்ளும். மூங்கிலில் கணுவில் சிம்பு (பக்கக் கிளை) வெடித்து, அந்தச் சிம்பில் இலை வரும். இதில் நடுத்தண்டிலேயே இடமும் வலமுமாக இலை. உங்கள் படத்தில் மேலிருந்து மூன்றாவது இலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காம்பு இல்லை.

கோடு போட்ட நிஜ மூங்கிலும் உண்டு. பூங்காக்களில் நிற்கும் மஞ்சள் மூங்கிலுக்குக் கழியிலேயே பச்சைக் கோடு இருக்கும். கடை மேசைகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் நிற்கிற 'லக்கி பாம்பூ' மட்டும் மூங்கிலே இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிரசீனா என்ற வேறு செடி. அதுவும் மூங்கில் என்ற பெயரில்தான் விற்கிறது!

பேரில் என்ன இருக்கிறது என்று விடுவதற்கில்லை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் அருண்டோவும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஆற்றங்கரைகளையே அடைத்துக்கொண்டது. கிழங்குத் துண்டு ஒன்று ஈரத்தில் கிடந்தாலே முளைத்துவிடும். நர்சரிக்காரர்கள் பையில் தாவரப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கட்டினால் என்ன குறைந்துவிடும்? அப்புறம், அந்த வாசகி வெட்டிய துண்டுகளை வாய்க்காலில் போட்டுவிடாமல் இருக்க, அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் போடுங்கள்.

என்னுடையதைத் தோண்டி சிமெண்ட் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். பாட்டிக்குத்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்