போன வாரம் பால் திரிந்தது ஏன்?

வணக்கம். முகப்பேர், பாடி பக்கம் நம்மிடம் ஆட்டுப்பால் வாங்குகிற எல்லோருக்கும் இந்த மடல். வாட்ஸாப்பில் சுற்றுகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் வைத்த பால் பொங்காமல் கட்டி கட்டியாகத் திரிகிறது, "மாவு கலக்குறாங்க" என்று ஒரு குரல். அது நம் பால்தான். ஆனால் அதில் இருந்தது மாவு இல்லை, சீம்பால்.

ஆடுகளைப் பார்த்துக்கொண்ட அண்ணன் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்த தம்பி, குட்டி போட்டு இரண்டே நாளான ஆட்டின் பாலையும் கேனில் ஊற்றிவிட்டான். தவறு எங்களுடையது, அந்தப் பால் போன ஐந்து வீட்டுக்கும் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் மாவு என்கிற அந்த ஒரு வார்த்தைதான் மனசைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

குட்டி போட்டதும் கறக்கிற முதல் பால் மஞ்சள் தட்டி, விரலில் தேன் மாதிரி பிசுபிசுக்கும். சாதாரண ஆட்டுப்பாலில் நூற்றுக்கு 3, 4 பங்கு இருக்கிற புரதம் இதில் பல மடங்கு, அதில் பெரும்பங்கு நோய் எதிர்ப்புப் புரதம். ஆட்டின் வயிற்றில் இருக்கும்போது இது குட்டிக்குப் போய்ச் சேராது, பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடித்தால்தான் குடல் அப்படியே உறிஞ்சும், ஒரு நாள் தாண்டினால் உறிஞ்சாது. சூடு பட்டால் இந்தப் புரதம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறையும். வெல்லமும் ஏலக்காயும் போட்டுச் சீம்பாலை அவித்துச் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும். மாவு கலந்த பால் கூழ் மாதிரி கெட்டியாகுமே தவிர இப்படித் திரியாது. சந்தேகம் இருந்தால் ஆறின பாலில் இரண்டு சொட்டு டிஞ்சர் அயோடின் விடுங்கள், மாவு இருந்தால் நீலமாகிவிடும்.

சீம்பால் ஒரே நாளில் பாலாகிவிடாது. ஒவ்வொரு கறவைக்கும் அந்தப் புரதம் குறையும், முதல் நாளில் மளமளவென்று, அப்புறம் மெதுவாக. லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை ஏறும், மஞ்சள் வெளுக்கும். நாலைந்து நாளில் கிட்டத்தட்ட நாம் குடிக்கிற பால்தான், இருந்தாலும் நாங்கள் ஒரு வாரம் அதை விற்க மாட்டோம். இனி குட்டி போட்ட ஆட்டின் கழுத்தில் சிவப்புக் கயிறு இருக்கும், எட்டாம் நாள் ஒரு டம்ளர் காய்ச்சிப் பார்த்து, திரியவில்லை என்றால்தான் கயிற்றை அவிழ்ப்போம்.

வீடியோ வந்த மறுநாளும் தூக்குவாளியோடு வந்து நின்ற அம்மாக்களுக்கும், "உங்களைத் தெரியாதா" என்று போன் போட்ட ஐயாக்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்று அழுதுவிட்டோம்.

தீவன விலையால் ஒன்றாம் தேதி முதல் லிட்டருக்கு 10 ரூபாய் கூடும். நாளையும் வழக்கம்போல் காலை 6 மணிக்குப் பால் வந்துவிடும்.