உபயம் எழுதாத நன்கொடை

அன்புள்ள மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்த ஆண்டு முதல் உன் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கென்று ஒதுக்கப் போவதாகச் சொன்னாய். கோட்டை மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்குத் தரலாமா, நீ படித்த பள்ளிக்குத் தரலாமா என்று கேட்டாய். இரண்டுக்கும் கொடு, கூடவே ஒரு சிறு பங்கை மக்களின் சிவில் உரிமைகளுக்காக வழக்காடும் ஓர் அமைப்புக்கும் கொடு என்று நான் சொன்னேன். "அவங்க திருடனுக்கும் தீவிரவாதிக்கும் வாதாடறவங்கதானே அப்பா?" என்று நீ கேட்டாய். அதற்குள் உன் அம்மா போனை வாங்கி, அனுப்பிய மாவடு வந்து சேர்ந்ததா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். உன் கேள்வி நான்கு நாட்களாக என்னுடனேயே இருக்கிறது. எனக்குப் பேச்சைவிட எழுத்து எளிது, ஆகவே எழுதுகிறேன்.

நீ ஊருக்கு வரும்போதெல்லாம் ஏற்காட்டுக்குப் போகிறோம். அஸ்தம்பட்டியைத் தாண்டும்போது மத்தியச் சிறையின் மதிலைப் பார்த்திருப்பாய். மலை எப்போது தெரியும் என்று அவசரப்படும் வயதில் அந்த மதில் யாருக்குத் தெரியும்? 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அந்தச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். பேச்சுரிமையையும் உயிர் வாழும் உரிமையையும் எழுதி வைத்திருக்கும் நம் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது 16 நாட்களே ஆகியிருந்தன. ஒரு சட்டம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அது சிறை மதிலைத் தானாகவே தாண்டி உள்ளே போய்விடுவதில்லை என்பதை நினைவூட்டும் இடமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

அதே சேலத்தில் அதற்கும் 68 ஆண்டுகளுக்கு முன் வேறொன்று நடந்தது. 1882ஆம் ஆண்டுக் கலவரத்தைத் தூண்டியதாகச் சொல்லி இளம் வழக்கறிஞரான சி. விஜயராகவாச்சாரியார் மீது வழக்குத் தொடுத்துப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனையும் விதித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தன்னை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியதை எதிர்த்தும் அவர் அரசின் மீதே வழக்குத் தொடுத்தார். பின்னாளில், 1920இல், நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். இதைப் படிக்கும் நம்மூர்க்காரர்கள் பெருமைப்படுவார்கள், நானும் படுகிறேன்; ஆனால் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு உடனே தோன்றுவது வேறு. அவருக்குச் சட்டம் தெரியும், ஆங்கிலம் தெரியும், மேல்முறையீட்டுக்குப் போகும் வசதியும் இருந்தது. அவை ஒன்றும் இல்லாதவன் அதே குற்றச்சாட்டில் சிக்கினால் என்ன ஆவான்?

அதை நான் கண்ணால் பார்த்தவன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முன், வேறொரு ஊரில் குற்றவியல் நீதிமன்றம் ஒன்றில் நான் பெஞ்சு கிளார்க்காக இருந்தேன். ஒரு நாள் மாலை, தறி ஓட்டும் பையன் ஒருவனை ரிமாண்டுக்குக் கொண்டு வந்தார்கள். கைது செய்தவனை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. காகிதத்தில் இருந்த நேரத்தின்படி எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அவனுடைய தாயார் அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே நீதிமன்ற வாசலில், வேப்ப மரத்தடியில், ஒரு மஞ்சள் பையுடன் உட்கார்ந்திருந்ததை நான் தினமும் பார்த்திருந்தேன். என் மகனை இன்றைக்காவது கொண்டு வருவார்களா என்று என்னிடமே இரண்டு முறை கேட்டிருந்தார். பையன் நிற்க முடியாமல் நின்றான். நான் அந்தக் காகிதத்தைக் கோப்பில் சேர்த்து, நூல் கோத்துத் தைத்து, பக்க எண் போட்டேன்; அது மட்டுமே என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஜாமீன் உத்தரவு கிடைத்தது. சொத்துப் பத்திரத்தோடு கையெழுத்துப் போட இரண்டு ஜாமீன்தார்கள் கிடைக்காததால், அந்த உத்தரவு கையில் இருந்தும் அவன் பல வாரங்கள் உள்ளேயே கிடந்தான். கடைசியில் வெளியூரிலிருந்து பேருந்தில் ஒரு வழக்கறிஞர் வந்தார். அந்தத் தாயாரிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை. தாம் ஓர் உரிமை அமைப்பிலிருந்து வருவதாகச் சொன்னார். சான்றளித்த நகல்களுக்கு மனுப் போட்டார், நேரக் கணக்கை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார், பையனை வெளியே கொண்டு வந்தார். அன்று மாலை அவர் கடையில் டீ குடிக்கும்போது, பேருந்துக் கட்டணம் யார் தருவார்கள் என்று நான் கேட்டேன். "உங்களைப் போல மாசாமாசம் கொஞ்சம் குடுக்கறவங்க சில பேர் இருக்காங்க சார்" என்றார். அதுவரை நான் யாருக்கும் ஒரு காசு கொடுத்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது.

அந்தப் பையன் திருடினானா இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைத் தீர்மானிக்கத்தான் விசாரணை இருக்கிறது. விசாரணைக்கு முன்பே மூன்று நாள் தண்டனை கொடுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை என்பதே அந்த வழக்கறிஞர் சொன்னது. உன் கேள்விக்கு என் பதிலும் இதுதான்.

1996க்குப் பிறகு என் மேசைக்கு வந்த ரிமாண்டுக் காகிதங்கள் மாறத் தொடங்கின. கைது செய்த நேரம், தேதி, குடும்பத்தினர் அல்லது அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரது சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு கைதுக் குறிப்பு கூடவே வரத் தொடங்கியது. உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதிகளும் வந்தன. இவை வானத்திலிருந்து விழவில்லை. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு என்பவர், காவல் நிலைய மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்து 1986இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, பத்து ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது. தபால் தலைக்கு ஆன செலவு சில காசுகள். ஆனால் பத்து ஆண்டுகள் அந்த வழக்கை விடாமல் பிடித்திருக்க ஒரு அலுவலகமும், அலமாரியும், விட்டுக்கொடுக்காத மனிதர்களும் வேண்டியிருந்தது.

அதே டிசம்பர் 18 அன்றுதான் தொலைபேசி ஒட்டுக்கேட்பைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பும் வந்தது. அதைத் தொடுத்தது மக்கள் சிவில் உரிமைக் கழகம், அதாவது பி.யு.சி.எல். நெருக்கடி நிலையின் போது, 1976இல், ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பின் வழி வந்தது அது. அந்த ஆண்டின் ஏப்ரல் மாதத்தில்தான், நெருக்கடி நிலையில் காரணமின்றிச் சிறைப்பட்டவர்கூட நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள்; எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். நீதிமன்றமே கைவிட்ட நேரத்தில் பிறந்த அமைப்பு என்பதால்தானோ என்னவோ, நீதிமன்றத்தை அது ஒருபோதும் சும்மா இருக்க விட்டதில்லை. 2001இல் உணவு உரிமை வழக்கைத் தொடுத்ததும், அதன் வழியே நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர உத்தரவு பெற்றதும் இவர்களே. நமக்குக் காமராசர் காலத்திலிருந்தே அந்தச் சோறு இருந்ததால் அதன் அருமை தெரியவில்லை. வட மாநிலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். வாக்குப்பதிவு எந்திரத்தில் இன்று இருக்கும் நோட்டா பொத்தானும் இவர்கள் தொடுத்த வழக்கில் 2013இல் வந்ததுதான்.

நான் இவர்களை மதிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இணையத்தில் எழுதுவோரைக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எல்லோரும் இனிப்புச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். ஆனால் செத்துப்போன அந்தப் பிரிவின் கீழ் பல மாநிலங்களில் தொடர்ந்து வழக்குப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அதை 2021இல் மறுபடியும் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டு போனதும் இதே கழகம்தான். நீதிபதிகளே அதிர்ச்சியடைந்தார்கள். தீர்ப்பு வாங்குவது பாதி வேலை. அந்தத் தீர்ப்பு கடைசிக் காவல் நிலையம் வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது மீதி. அந்த மீதி வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை, ஆகவே பணமும் வருவதில்லை.

நம் பக்கத்து மாவட்டத்து வாச்சாத்தியை நினைத்துப் பார். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தவர்கள் 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்ட வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேர். தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011இல் வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். இந்த முப்பத்தொரு ஆண்டுகளும் அந்தப் பெண்களோடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் இடதுசாரித் தோழர்களும் வழக்கறிஞர்களும் நின்றிருக்காவிட்டால், அந்தக் கோப்பு எந்த அலமாரியில் எந்தக் கரையானுக்கு இரையாகியிருக்கும் என்பது கோப்பு தைத்த எனக்கு நன்றாகவே தெரியும்.

நீ இருக்கும் சிகாகோவுக்குப் பக்கத்திலேயே ஸ்கோக்கி என்ற ஊர் இருக்கிறதே, அங்கே நடந்ததையும் தெரிந்துகொள். ஹிட்லரின் முகாம்களிலிருந்து தப்பி வந்த யூதர்கள் பலர் வாழ்ந்த அந்த ஊரில் ஊர்வலம் போக, 1977இல் ஒரு நாஜிக் கூட்டம் அனுமதி கேட்டது. அவர்கள் பேசும் உரிமைக்காக வாதாடியது, 1920இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சிவில் உரிமைச் சங்கம். அதன் சார்பில் நின்ற வழக்கறிஞரே ஒரு யூதர். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள், சங்கத்தின் வருமானம் சரிந்தது. கடைசியில் அந்த ஊர்வலம் ஸ்கோக்கியில் நடக்கவே இல்லை. இதில் அவர்கள் செய்தது சரியா என்பதில் எனக்கு இன்றைக்கும் முழு நிம்மதி இல்லை; அந்த ஊரில் நான் வாழ்ந்திருந்தால் நானும் விலகியிருக்கக்கூடும். ஆனால் ஊரைக் கேட்டு ஊர்வலத்தைத் தடுக்கும் அதிகாரத்தை ஒரு முறை கொடுத்துவிட்டால், அடுத்து அது நம்மைப் போன்றவர்கள் மீது திரும்பும் என்ற அவர்களுடைய கணக்கை என்னால் தள்ளிவிடவும் முடியவில்லை.

இவர்களிடம் குறை இல்லாமல் இல்லை. கூட்டங்களில் தீர்மானத்தின் ஒரு சொல்லுக்காக இரண்டு மணி நேரம் சண்டை போடுவார்கள். பதினைந்து பேர் வருவார்கள், அதில் ஐந்து பேர் பேசுவதை நிறுத்த மாட்டார்கள். சில இடங்களில் ரசீது எழுதும் ஒழுங்கு போதாது. ஆகவே எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படி. கேட்பதால் அவர்கள் கோபித்துக்கொண்டால், அந்த அமைப்பை விட்டுவிடு.

நடைமுறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்பதால், உன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக நீ அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பணமாகாது. நாளைக்கு அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், நீ என் மகள்தான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் உன் பணம் அந்நியப் பணம். அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்புகள் அதை வாங்கவே முடியாது. பி.யு.சி.எல். போன்றவை வெளிநாட்டுப் பணமும் அரசுப் பணமும் எந்த நிதி நிறுவனத்தின் பணமும் வாங்குவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. உறுப்பினர்களின் கைக்காசில்தான் அவை ஓடுகின்றன. அதனால்தான் சொல்கிறேன், ஆண்டுக்கு ஒரு முறை பெரிய தொகையாகத் தருவதைவிட மாதம் ஒரு சிறு தொகை அவர்களுக்கு உதவும். அடுத்த மாதத் தபால் செலவையும் பேருந்துக் கட்டணத்தையும் அவர்கள் அதை நம்பித் திட்டமிட முடியும்.

கோயிலுக்குக் கொடுத்தால் டியூப்லைட்டில் நம் பெயரை எழுதுவார்கள். வெளிச்சமே தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதிய டியூப்லைட்டுகளை நீயும் நானும் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இதில் பெயர் எழுத இடம் கிடையாது. யாருக்கு உதவியது என்றுகூடப் பெரும்பாலும் நமக்குத் தெரியப் போவதில்லை. அந்தத் தறிக்காரப் பையனின் தாயாருக்கும், பேருந்தில் வந்தவரின் டிக்கெட்டை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று தெரியாது.

நான் அடுத்த மாதத்திலிருந்து என் ஓய்வூதியத்தில் அனுப்பும் முந்நூறு ரூபாயை ஐந்நூறாக ஆக்கியிருக்கிறேன். உன் அம்மாவுக்கு இது தெரியும். முதலில் முறைத்தாள், பிறகு ஏற்காட்டுக் காப்பித்தூள் வாங்குவதைக் கால் கிலோ குறைத்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு மூன்று அமைப்புகளின் தணிக்கை அறிக்கைகளை அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு எது சரியென்று படுகிறதோ அதை நீயே முடிவு செய். எதுவும் சரியில்லை என்று தோன்றினால் ஏன் என்று எனக்கு எழுது. இந்த முறை போனில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா
சேலம்