குடியிருப்போர் நலச் சங்கம் – ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டறிக்கையைத் தெருவிளக்கும் வாய்க்காலுமே தின்றுவிட்டன. இந்த ஆண்டும் மனு கொடுத்தோம், ஞாபகப்படுத்தினோம், மறுபடி மனு கொடுத்தோம். ஏழு விளக்கில் ஐந்து எரிகிறது. மாதக் கூட்டம் மார்ச் தவிர எல்லா மாதமும் நடந்தது; மார்ச்சில் கூட்டம் நடத்தத் தேவையான ஆள் (கோரம்) சேரவில்லை.

இனி சிறுவர் குழு. ஆடி மாதம் தொடங்கி, மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகள் கூடி ஏதாவது ஓர் இனிப்புச் செய்வது, ஆளுக்கு இரண்டு, ஒன்று தின்ன, ஒன்று வேறொரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க என்பது ஏற்பாடு. முதலில் பிள்ளைகள் அடுப்புப் பக்கம் போகவே தேவையில்லாத பண்டமாகப் பார்த்து எடுத்தோம்.

ஆரம்பம் பொரிகடலை மாவுருண்டை. மிக்சியில் திரித்துச் சலித்த பொரிகடலை மாவு இரண்டு பங்கு, பொடித்த சீனி ஒரு பங்கு, ஏலக்காய், உருக்கிய நெய். நெய்யை மொத்தமாகக் கொட்டாமல் ஓரமாக விட்டு விட்டு, வெதுவெதுப்பு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒவ்வோர் உருண்டைக்கும் நடுவே உள்ளங்கையை நக்கிச் சுத்தம் செய்துகொண்டான். அவன் பிடித்த ஆறையும் தனித் தட்டில் வைத்து அவனுக்கே கொடுத்துவிட்டோம்.

அன்றைக்குப் பெரியவர்கள் தொல்லைதான் அதிகம். “கொண்டா, நான் உருட்டித் தாரேன்” என்று ஒவ்வோர் அம்மாவும் உட்கார்ந்ததில், தட்டு கடையில் வாங்கியது மாதிரி இருந்தது; பிள்ளைகள் சும்மா நின்றார்கள். அடுத்த மாதத்திலிருந்து பெற்றோர் வாசலோடு சரி என்று முடிவெடுத்தோம். சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் விதியைத் தளர்த்துவதாக இல்லை.

கிருஷ்ண ஜெயந்தியை ஒட்டி, நனைத்த அவலில் தேங்காய்ப்பூவும் துருவிய உடன்குடிக் கருப்பட்டியும் பிசைந்தோம். இதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை. குழுவில் ஒரு பிள்ளைக்குக் கடலை சேராது என்பது அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு என்ன பண்டம் என்பதை முந்தின வாரமே வீடுகளுக்குச் சொல்லிவிடுகிறோம்.

கார்த்திகையில் கடலை உருண்டை. 2020இல் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதில் தோற்றோம் என்று பதிவேட்டில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது. ஒரு கிலோ கடலையை வறுத்துக் கொடுத்தோம். பிள்ளைகள் தொலி நீக்கி, சுளகில் புடைத்து, அருமையாக வைத்திருந்தார்கள். அரைக் கிலோ வெல்லத்துப் பாகு என் பொறுப்பு. நடுவில் வாய்க்கால் விஷயமாக ஒரு போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பினால் பாகு முறுகிவிட்டது. உருண்டை உருண்டையாகத்தான் இருந்தது, பல்தான் இறங்கவில்லை. பொருளாளருக்குக் கடைவாய்ப்பல் அடைப்புப் பெயர்ந்தது. அந்தச் செலவை அவர் சங்கக் கணக்கில் எழுதவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். மறுநாள் பிள்ளைகள் உருண்டைகளை உரலில் போட்டு இடித்துத் தூளாக்கித் தின்று தீர்த்தார்கள்.

அடுத்த மாதம், கடலைமிட்டாய் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்த மேலத்தெரு ஆச்சி வந்தார்கள். “என்னய்யா, பாகைப் பாப்பியா, போனைப் பாப்பியா?” என்றுதான் ஆரம்பித்தார்கள். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்ட வேண்டும். பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, திரட்டி, தட்டில் போட்டால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கடலையைக் கொட்ட வேண்டும். அந்தச் சத்தத்துக்காகப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றார்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே, அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு உருட்ட விட்டோம். சில கோலியளவு, சில எலுமிச்சையளவு. காலையில் குப்பை எடுக்க வரும் அக்காமாருக்கும் வாட்ச்மேன் தாத்தாவுக்கும் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தாத்தாவுக்குச் சுகர், வாங்கி, பேத்திக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வரும் ஆண்டுக்குத் தினை மாவும் தேனும் என்று பிள்ளைகளே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடி கனமான இரும்புச் சட்டி ஒன்று வாங்கச் சபையின் அனுமதி வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாவுருண்டை அன்றைக்கு வந்த மூன்று எவர்சில்வர் தூக்குகள் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன; உரியவர்கள் வாங்கிக்கொள்ளவும்.

– செயலாளர்