உரக்கடை அண்ணன்மார்களுக்கு, ஒரு டானிக் பாட்டிலை முன்வைத்து

வணக்கம்.

போன சம்பாவில் எங்கள் பிபிடி 5204 (சம்பா மசூரி) நெல் வயலில் இலை நுனி பழுத்து, ஓரம் நெளிநெளியாகக் காய்ந்து இறங்கியது. நாலு இலையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்துக் குறைவு தம்பி" என்று ஒரு மூட்டை யூரியாவையும் ஜிப்ரலிக் டானிக்கையும் எடுத்து வைத்தார். ஒரு வாரம் பயிர் பச்சையாக நிமிர்ந்தது. அப்புறம் வயலே வைக்கோல் நிறமானது. மழையும் காற்றும் இருந்ததால் பழி முழுவதும் டானிக்குக்கு இல்லைதான்.

வந்தது பாக்டீரியா இலைக்கருகல். கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பச்சையும் காய்ந்ததும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டால் வெட்டுவாயிலிருந்து பால்போலக் கசிந்து இறங்கும். அத்தனையும் கிருமி.

ஜிப்ரலிக் டானிக்கில் இருக்கும் ஜிப்ரலின் பயிரை நீட்டும் ஹார்மோன். நெல்லில் அது கூடினால் இந்தக் கிருமியைத் தாங்கும் சக்தி குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆக்சின் என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோனும் அப்படித்தான். வளர்வதற்காகச் செல்சுவர் நெகிழ்கிறது. அந்த நெகிழ்ச்சி கிருமிக்கும் வசதியாகிறது.

சரி, 'நோய் எதிர்ப்பு டானிக்' கொடுக்கலாமே என்பீர்கள். செடிக்குள் எதிர்ப்பு ஒன்றே ஒன்றாக இருந்தால் கொடுக்கலாம். தக்காளியில் இந்த மாதிரி பாக்டீரியாவைத் தடுக்கச் சாலிசிலிக் அமிலம், இலை தின்னும் புழுவைத் தடுக்க ஜாஸ்மோனிக் அமிலம். இரண்டும் செடியே தனக்குள் சுரக்கும் காவல் ஹார்மோன்கள். பெரும்பாலும் ஒன்று ஓங்கினால் மற்றது அடங்கும். தக்காளியைத் தாக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அதை வைத்தே பிழைக்கிறது. கொரோனட்டின் என்ற நச்சை ஜாஸ்மோனிக்கின் வேஷத்தில் உள்ளே அனுப்புகிறது. செடி புழு வந்துவிட்டதென்று அந்தப் பக்கம் ஓட, சாலிசிலிக் காவல் தளர்கிறது. கிருமியைக் கண்டு மூடிய இலைத்துளைகளும் மறுபடி திறந்துகொள்கின்றன!

நெல்லில் கணக்கே வேறு. நோயில்லாத இலையிலேயே சாலிசிலிக் நிறைய இருக்கும். இலைக்கருகலைத் தடுக்க ஜாஸ்மோனிக்கும் கைகொடுக்கும். எல்லாப் பயிருக்கும் ஒரே பாட்டில் எப்படிச் சரியாகும்?

எதிர்ப்பைத் தூண்டுவது செடிக்குச் செலவும்கூட. நோயே இல்லாத வயலில் தூண்டினால் மணிக்குப் போக வேண்டியது அதில் கரையலாம். தூண்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. ஜப்பானில் 1970களிலிருந்து நெல்லுக்குப் புரோபெனசோல் என்ற எதிர்ப்புத் தூண்டி மருந்தைப் போடுகிறார்கள், அது முக்கியமாகக் குலைநோய்க்கு. எந்தப் பயிர், எந்த நோய் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள்.

இலையோடு யாராவது வந்தால் முதலில் டம்ளரில் போட்டுப் பாருங்கள். பால் இறங்கினால் யூரியாவையும் ஜிப்ரலிக்கையும் அலமாரியிலேயே விட்டுவிட்டு, வயல் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். அடுத்த பட்டத்துக்கு பிபிடி விதை கேட்டால், மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து ஹைதராபாத்தில் உருவாக்கிய மேம்படுத்திய சம்பா மசூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடையில் கண்ணாடி டம்ளர் இல்லையென்றால் நானே ஒன்று வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்